பேப்பர்ல போட்ட ஸ்கோர் நம்மகிட்ட வரல: பாதுகாப்பு ஓட்டை தேடுற மாடல்களும் பேஸ்லைன் குழப்பமும்

பிழைதேடி:
எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டி ரெண்டாவது வருஷம் நான். சி, சி++ கோடுல பாதுகாப்பு ஓட்டை இருக்குற ஃபங்ஷனை டீப் லேர்னிங் வச்சு கண்டுபிடிக்கிறதுதான் டாபிக். என் மாடலை ஒப்பிட ஒரு பேஸ்லைன் வேணுமேன்னு நிறைய பேர் சைட் பண்ற ஒரு பேப்பரை எடுத்தேன், கோடு கிட்ஹப்ல இருக்கு, டேட்டாவும் இருக்கு, ஆனா எந்த ஃபங்ஷன் ட்ரெயின்ல (மாடல் கத்துக்குற பகுதி) எது டெஸ்ட்லன்னு (சோதிக்கிற பகுதி) சொல்ற ஸ்ப்ளிட் ஃபைல் மட்டும் இல்ல. ஓட்டிப் பாத்தா அவங்க சொன்ன எஃப்1 ஸ்கோர்ல (வெத்து எச்சரிக்கை, தவறவிட்ட ஓட்டை ரெண்டையும் சேத்துக் கணக்குல எடுக்குற மதிப்பெண்) பாதி கூட எனக்கு வரல. ஆத்தர்களுக்கு மெயில் போட்டேன், பதில் இல்ல.

கைடு என்ன சொல்றார்னா, "நீ எதுக்கு மறுபடி ஓட்டுற, அவங்க போட்ட நம்பரை அப்படியே டேபிள்ல போட்டுட்டு உன் வேலையைப் பாரு"ங்குறார். அப்படிப் போட்டா என் மாடல் கீழ நிக்கும். நானே ஓட்டினதைப் போட்டா ரிவ்யூவர் "பேஸ்லைனை ஒழுங்கா ட்யூன் பண்ணல"ன்னு அடிப்பாங்க. ரெண்டுமே சரின்னு தோணல. இந்த மாதிரி மாட்டினவங்க எப்படி வெளிய வந்தீங்க? இன்னொண்ணு, என் இம்ப்ளிமென்டேஷன்லதான் தப்பா இல்ல அவங்க எண்ணுலயேவான்னு எப்படி உறுதி பண்றது?

வெண்பலகை:
தம்பி, ஹைப்பர்பாராமீட்டர் (ட்ரெயினிங்குக்கு நாம வைக்கிற செட்டிங்) எல்லாம் அப்புறம் பாக்கலாம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க டேட்டாவை எப்படிப் பிரிச்சீங்க, அவங்க எப்படிப் பிரிச்சிருக்காங்க? ஸ்ப்ளிட் ஃபைல் இல்லன்னாலும் பிரிக்கிற ஸ்கிரிப்ட் இருக்கும், அதுல ஷஃபிள் பண்ற வரி இருக்கான்னு தேடிப் பாருங்க.

சீட்42:
ப்ரோ ஒரே ஒரு ரன் பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க. 2018ல ஹெண்டர்சன் குழு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்ல காட்டினாங்க, அதே அல்காரிதம், அதே செட்டிங், ரேண்டம் சீட் (குலுக்கலைத் தொடங்கி வைக்கிற எண்) மட்டும் வேற, அஞ்சு அஞ்சு ரன்னா ரெண்டு குழுவா ஆவரேஜ் எடுத்தா ரெண்டும் வேற வேற அல்காரிதம் மாதிரி தெரியுது. நாலஞ்சு சீட்ல ஓட்டி எவ்வளவு ஆடுதுன்னும் சேத்துச் சொல்லுங்க.

பிழைதேடி:
சீட் மாத்தி ஓட்டிட்டேன் ப்ரோ, கொஞ்சம் ஆடுது, ஆனா பாதியா குறையுற அளவுக்கு இல்ல.

மேடம், நீங்க சொன்ன வரி இருக்கு. எல்லா ப்ராஜெக்ட்டோட ஃபங்ஷன்களையும் ஒரே லிஸ்ட்ல கொட்டி, ஷஃபிள் பண்ணி, 80-10-10ன்னு வெட்டியிருக்காங்க. நான் ப்ராஜெக்ட் வாரியா பிரிச்சேன், ஏன்னா இதுவரை பாக்காத ப்ராஜெக்ட்ல மாடல் தாக்குப்பிடிக்குதான்னு பாக்குறதுதான் என் வேலையே.

வெண்பலகை:
அப்ப பதில் பாதி கிடைச்சாச்சு. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

கோடுங்குறது ஒவ்வொண்ணும் தனியா எழுதப்பட்ட டேட்டா இல்ல. ஒரு ஃபைல் நூறு இடத்துல காப்பி ஆகி கிடக்கும், ஒரு லைப்ரரியை அப்படியே தூக்கி இன்னொரு ப்ராஜெக்ட்டுக்குள்ள வச்சிருப்பாங்க, ஒரே ஃபங்ஷனோட பழைய வெர்ஷனும் புது வெர்ஷனும் டேட்டாசெட்ல ரெண்டு வரிசையா நிக்கும். 2017ல ஊப்ஸ்லா மாநாட்டுல லோப்பஸ் குழு ஒரு கணக்கு எடுத்தாங்க. ஃபோர்க் (ஒரு ப்ராஜெக்ட்டை அப்படியே நகலெடுத்தது) எல்லாம் கழிச்சுட்டு கிட்ஹப்ல 45 லட்சம் ப்ராஜெக்ட், ஜாவா, சி++, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் நாலும் சேத்து 42.8 கோடி ஃபைல். அதுல தனித்தனி ஃபைல்னு தேறினது 8.5 கோடிதான். ஜாவாஸ்கிரிப்ட்ல நிலைமை இன்னும் மோசம், நூத்துக்கு ஆறுதான் தனி, மத்ததெல்லாம் நகல், லைப்ரரி ஃபோல்டரை அப்படியே கமிட் பண்ணிடறதுதான் (ப்ராஜெக்ட்ல மாற்றமா பதிஞ்சுடறது) அதுக்குப் பெரிய காரணம்.

இப்ப இந்தக் குவியலை ஷஃபிள் பண்ணி வெட்டினா என்ன ஆகும்? டெஸ்ட்ல இருக்குற ஃபங்ஷனோட நகல் ட்ரெயின்ல ஏற்கனவே உக்காந்திருக்கும். மாடல் அதை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்குது, நாம ஓட்டையைப் புரிஞ்சுக்குச்சுன்னு எழுதிடறோம். அலமானிஸ் 2019ல இதை மட்டுமே தனியா ஆராய்ஞ்சு, நகலை விட்டுவச்சா சில இடத்துல ஸ்கோர் 100% வரைக்கும் ஊதிப்போகுதுன்னு காட்டினார்.

உங்க டாபிக்கிலயே வேலை நடந்திருக்கு. சக்ரவர்த்தி, பைஷாகி ரே குழு குரோமியம், டெபியன் ரெண்டுலேருந்தும் நிஜமான டேட்டா திரட்டி, அதுவரை வந்த டீப் லேர்னிங் மாடல்களை அதுல ஓட்டினாங்க, 50%க்கு மேல சரிவு. காரணம்னு அவங்க சொன்னது நகல் டேட்டா, நிஜத்துல இல்லாத விகிதத்துல ஓட்டை உள்ளதும் இல்லாததும் கலந்திருக்குறது, அப்புறம் ஓட்டைக்கு சம்பந்தமே இல்லாத வேரியபிள் பேர் மாதிரி விஷயங்களை மாடல் பிடிச்சுக்குறது. 2024ல ப்ரைம்வல்னு ஒரு டேட்டாசெட் வந்துச்சே, அதைக் கண்டிப்பா படிங்க. நகலை எடுத்துட்டு, லேபிளை (ஓட்டை இருக்கு, இல்லன்னு குத்துற முத்திரை) இறுக்கிட்டு, கமிட் தேதி வரிசையில பிரிச்சாங்க. பிக்வல்ங்குற முந்தின டேட்டாசெட்ல 68.26 எஃப்1 எடுத்த 700 கோடி பாராமீட்டர் மாடல் இதுல எடுத்தது 3.09.

அதனால உங்க ஸ்கோர் பாதியா குறைஞ்சதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. ஆனா இதெல்லாம் ஊகம்தான், நீங்க சோதிச்சுப் பாக்கணும். வழி சுலபம். அவங்க ஷஃபிளையே நீங்களும் பண்ணி ஓட்டுங்க. அவங்க எண்ணுக்குப் பக்கத்துல வந்துட்டா உங்க இம்ப்ளிமென்டேஷன் சரி, வித்தியாசம் பிரிக்கிறதுல. வரலன்னா உங்க கோடுலதான் தேடணும்.

இரவுக்கம்பைல்:
மேடம் சொல்றதுல பெரும்பகுதி ஒத்துக்குறேன், ஆனா ஒரு இடத்துல மாறுபடுறேன். நான் கம்பெனில கோடு அனாலிசிஸ் டூல் பண்றவன். நகல் இருந்தாலே ஏமாத்துன்னு ஆயிடாது. எங்க ரெப்போக்குள்ள ஒருத்தர் எழுதின தப்பான ஃபங்ஷனை இன்னும் பத்துப் பேர் காப்பி பண்ணி வச்சிருப்பாங்க, அந்தப் பத்தையும் டூல் பிடிக்கணும்னுதான் நான் எதிர்பாக்குறேன். கோடு கம்ப்ளீஷனும் அப்படித்தான், ஆளுங்க திரும்பத் திரும்ப டைப் பண்றதைத்தான் அது முடிச்சுத் தரணும். அங்கெல்லாம் நகலைத் தூக்கிட்டு டெஸ்ட் பண்ணா அதுதான் நிஜத்துக்கு விலகினது. அலமானிஸே அந்தப் பேப்பர்ல, பயன்படுத்துற இடத்துல நகல் இயல்பா வரும்னா அது வேற கணக்குன்னு ஒதுக்கித்தான் பேசுறார்.

எனக்குக் கோபம் வர்றது வேற இடத்துல. "எங்க மாடல் ஓட்டையைக் கண்டுபிடிக்குது"ன்னு மட்டும் எழுதுவாங்க. யாரோட கோடுல, எப்ப எழுதின கோடுல, அதே ரெப்போவை முன்னாடி பாத்திருந்தா பாக்காமலான்னு ஒரு வார்த்தை இருக்காது. அதை நம்பி நாங்க டூல் வாங்கி ஓட்டினா நூறு எச்சரிக்கைல தொண்ணூறு வெத்து, டெவலப்பர்கள் ரெண்டே வாரத்துல அதை ஆஃப் பண்ணிடுவாங்க, அப்புறம் உண்மையிலேயே நல்ல டூலைக் கொண்டு வந்தாலும் தொட மாட்டாங்க.

வெண்பலகை:
நியாயம். எந்தக் கேள்விக்கு எந்த ஸ்ப்ளிட்னு எழுதியே ஆகணும். புது ப்ராஜெக்ட்ல வேலை செய்யும்னு சொன்னா ப்ராஜெக்ட் வாரியா பிரிக்கணும், நாளைக்கு வர்ற கமிட்ல வேலை செய்யும்னு சொன்னா தேதி வாரியா. ஆனா ஓட்டை தேடுற பேப்பர்கள் பெரும்பாலும் இதுவரை தெரியாத ஓட்டையைப் பிடிக்கும்னுதான் அறிமுகத்துல எழுதுது. அதுக்கு ஷஃபிள் பொருந்தாது.

நூல்கண்டு:
எல்லாரும் ஸ்ப்ளிட்லயே நிக்கிறீங்க, லேபிளைப் பத்தி யாருமே பேசல. இந்த டேட்டாசெட்கள் எப்படி உருவாகுதுன்னு யோசிங்க. பதிவான ஒரு ஓட்டையை எடுத்து, அதைச் சரிபண்ண கமிட்டைக் கண்டுபிடிச்சு, அந்த கமிட் தொட்ட ஃபங்ஷன் எல்லாத்தோட பழைய வெர்ஷனுக்கும் "ஓட்டை உள்ளது"ன்னு முத்திரை குத்துறாங்க. ஆனா ஒரு கமிட்ல மனுஷன் ஓட்டையை மட்டுமா சரிபண்ணுவான், பக்கத்துல ஒரு பேர் மாத்துவான், ஸ்பேஸ் சரிபண்ணுவான், டெஸ்ட் ஃபங்ஷன் சேப்பான், அதெல்லாம் சேந்துதான் லேபிள் ஆகுது. கிராஃப்ட், பாபர் குழு 2023 இக்ஸி மாநாட்டுல நாலு பிரபலமான டேட்டாசெட்டைக் கையால ஆராய்ஞ்சு, நிஜ ப்ராஜெக்ட்லேருந்து எடுத்ததுல 20லேருந்து 71% வரைக்கும் ஓட்டை லேபிள் தப்புன்னு சொன்னாங்க. 71ங்க! லேபிளே இப்படி இருந்தா மாடலை எத்தனை லேயர் போட்டு என்ன பண்றது.

இது இன்னிக்கு நேத்து விஷயமும் இல்ல. 2013லயே ஹெர்ஸிக், ஜஸ்ட், ஸெல்லர் மூணு பேரும் அஞ்சு ஜாவா ப்ராஜெக்ட்ல 7000க்கு மேல இஷ்யூ ரிப்போர்ட்டை ஒவ்வொண்ணா உக்காந்து படிச்சாங்க. பக்னு குறிச்சதுல 33.8% பக்கே இல்ல, புது வசதி கேட்டது, டாக்குமென்ட் மாத்தச் சொன்னது அந்த மாதிரி. அதை வச்சு பக் உள்ள ஃபைல்னு குறிச்சதுல 39% ஃபைல்ல உண்மையில பக்கே இருந்ததில்ல. அதுக்கப்புறமும் எத்தனையோ பேர் அதே வழியில டேட்டா எடுத்து பக் ப்ரெடிக்ஷன் மாடல் போட்டாச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் டைப்ஸ்கிரிப்ட் கதை. 2014 எஃப்எஸ்இ மாநாட்டுல ஒரு பேப்பர் வந்துச்சு, 729 கிட்ஹப் ப்ராஜெக்ட், 17 மொழி, எந்த மொழில பக் அதிகம்னு. நிறைய பேர் அதை வச்சு மொழிச் சண்டை போட்டாங்க. 2019ல பெர்கர், விடெக் குழு அதே டேட்டாவை எடுத்து மறுபடி பண்ணாங்க. பாத்தா டைப்ஸ்கிரிப்ட்டோட முதல் கமிட் 2003ல இருக்கு. மொழியே வெளிவந்தது 2012 அக்டோபர்ல! என்னன்னு நோண்டினா, அந்த ஃபைல் எல்லாம் இடைமுகத்தை வேற மொழிகளுக்கு மொழிபெயர்க்குற ஃபைல், அதுக்கும் அதே டிஎஸ் எக்ஸ்டென்ஷன். கோடே கிடையாது. இந்த மாதிரி ஒவ்வொண்ணா சரிபண்ணிட்டு வந்ததும், முன்னாடி 11 மொழிக்கு இருந்த தொடர்பு 4 மொழியில மட்டும் நின்னுது, அதுவும் நடைமுறைல ஒண்ணுமில்லன்னு சொல்ற அளவுக்குச் சின்னது. மூல ஆத்தர்கள் அதுக்கு மறுப்பும் எழுதினாங்க, ரெண்டு பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் முடிவுக்கு வரணும், ஆனா அந்த 2003ங்குற எண்ணை யாராவது ஒருத்தர் தேதி வாரியா வரிசைப்படுத்திப் பாத்திருந்தா முதல் நாளே கண்ணுல பட்டிருக்கும். எனக்கு அதுதான் ஆறல.

பிழைதேடி, டேட்டாலேருந்து நூறு ஃபங்ஷன் ரேண்டமா எடுத்து நீங்களே படிங்க. இன்னொருத்தரையும் தனியா படிக்கச் சொல்லி ரெண்டு பேருக்கும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பாருங்க. அதை மிஞ்சின வேலை எதுவும் இல்ல இப்போதைக்கு.

கருப்புத்திரை:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? இப்பத்தான் சாட்ஜிபிடி மாதிரி பெரிய எல்எல்எம் (மொழி மாடல்) இருக்கே, ஃபங்ஷனைக் குடுத்து ஓட்டை இருக்கான்னு கேட்டா முடிஞ்சுது. பழைய பேஸ்லைனோட மல்லுக்கட்டி என்ன ஆகப்போகுது, டாபிக்கையே மாத்துங்க.

சீட்42:
@கருப்புத்திரை அங்க இதே பிரச்சனை இன்னும் பெருசா இருக்கு ப்ரோ. சின்ன மாடல்னா ட்ரெயின் டேட்டா கையில இருக்கு, நகல் இருக்கான்னு தேடலாம். எல்எல்எம் எதைப் படிச்சு வளந்துச்சுன்னே பல கம்பெனி வெளிய சொல்றதில்ல. பதிவான ஓட்டைகள் எல்லாம் பல வருஷமா இணையத்துல விளக்கத்தோட, சரிபண்ண கமிட்டோட கிடக்கு, அதையெல்லாம் அது ஏற்கனவே படிச்சிருந்தா நீங்க கேக்குறது கண்டுபிடிக்கச் சொல்லியா, ஞாபகப்படுத்தச் சொல்லியா?

மாடல் எழுதுற கோடை அளக்குற ஹியூமன்ஈவல் பாருங்க. 2021ல ஓப்பன்ஏஐ கோடெக்ஸ்ங்குற தன் கோடு மாடலோட விட்டது, மொத்தமே 164 கணக்கு, கையால எழுதினது. அது கிட்ஹப்லயே கிடக்குறப்ப அப்புறம் வர்ற மாடல் பாக்காம இருந்திருக்கும்னு எப்படிச் சொல்றது. இதுல டெஸ்ட் கேஸ் வேற பத்தல, ஈவல்ப்ளஸ் குழு 2023ல டெஸ்ட்டை 80 மடங்கு ஆக்கினதும் அதுவரை பாஸான கோடு நிறைய ஃபெயில் ஆச்சு. அதனாலதான் லைவ்கோட்பெஞ்ச் மாதிரி வந்துச்சு, ப்ரோகிராமிங் போட்டிகள்லேருந்து கணக்கை தேதியோட எடுத்து, மாடல் ட்ரெயின் ஆன தேதிக்கு அப்புறம் வந்ததை மட்டும் வச்சு அளக்கலாம். நீங்க எல்எல்எம் போனாலும் மேடம் சொன்ன தேதி ஸ்ப்ளிட் விடாது.

கருப்புத்திரை:
சரி, ஒத்துக்குறேன், அப்படி யோசிக்கல. அப்ப எல்எல்எம்மையும் ஒரு பேஸ்லைனா வச்சு, அதோட கட்ஆஃபுக்கு (ட்ரெயினிங் டேட்டா முடிஞ்ச தேதி) அப்புறம் வந்த ஓட்டைல மட்டும் தனியா ஒரு வரிசை போட்டா பயன்படுமா?

வெண்பலகை:
நல்லாவே பயன்படும். டேட்டா கொஞ்சமாத்தான் கிடைக்கும், பரவால்ல, எத்தனைன்னு சொல்லிட்டுப் போடலாம்.

நூல்கண்டு:
பேஸ்லைன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, எளிமையான ஒண்ணையும் விடாதீங்க. டோக்கன் எண்ணிக்கை, லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், அவ்வளவுதான். வெய் ஃபூவும் டிம் மென்ஸீஸும் 2017ல இதைச் செஞ்சாங்க, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்விகளை ஒண்ணோட ஒண்ணு தொடர்புபடுத்துற வேலைக்கு 14 மணி நேரம் ட்ரெயின் பண்ண டீப் லேர்னிங்குக்கு எதிரா, ஒழுங்கா ட்யூன் பண்ண எஸ்விஎம்ங்குற பழைய எளிய முறை பத்தே நிமிஷத்துல அதுக்குச் சமமா நின்னுது, சில இடத்துல மேலயும். ரெக்கமெண்டர் சிஸ்டம்லயும் 2019ல ஒரு இத்தாலியக் குழு பெரிய மாநாடுகள்ல வந்த 18 நியூரல் முறையை எடுத்தாங்க, நியாயமான முயற்சில திரும்ப ஓட்ட முடிஞ்சது 7தான், அந்த ஏழுல 6ஐ பழைய நியரஸ்ட் நெய்பர் மாதிரி எளிய முறைகளே முந்திடுச்சு. உங்க மாடலுக்கு எவ்வளவு ட்யூனிங் நேரம் குடுக்குறீங்களோ அதே நேரத்தை பேஸ்லைனுக்கும் குடுத்து, அதை பேப்பர்ல எழுதிடுங்க, அப்ப எந்த ரிவ்யூவரும் வாயைத் திறக்க முடியாது.

பிழைதேடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரமா இதையே பண்ணிட்டிருந்தேன். மேடம் சொன்ன மாதிரி அவங்க ஷஃபிளை அப்படியே வச்சு ஓட்டினதும் அவங்க எண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு, அப்ப என் இம்ப்ளிமென்டேஷன் சரிதான். ஸ்பேஸ், கமென்ட் எல்லாம் எடுத்துட்டு ஃபங்ஷன்களை ஹாஷ் பண்ணி (ஒவ்வொண்ணையும் ஒரு சின்னக் குறியீடா மாத்தி) ஒப்பிட்டுப் பாத்தேன், டெஸ்ட்ல இருக்குறதுல கணிசமான அளவு அச்சு அசலா ட்ரெயின்லயும் இருக்கு. நூல்கண்டு அண்ணா சொன்ன லேபிள் வேலையும் லேப் ஃப்ரெண்டோட சேந்து ஆரம்பிச்சாச்சு, ஒரு வரி கமென்ட் மட்டும் மாறின ஃபங்ஷனுக்கு ஓட்டைன்னு லேபிள் இருக்கு, பாத்ததும் மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இப்ப கேள்வி, இதையே ஒரு பேப்பரா எழுதலாமா? சீனியர் ஒருத்தர் "ரெப்ளிகேஷனுக்கு யாரும் சைட் பண்ண மாட்டாங்க, பெரியவங்களைப் பகைச்சுக்காதே"ங்குறார்.

இரவுக்கம்பைல்:
எழுதுங்க. நான் டூல் தேர்ந்தெடுக்குறப்ப தேடிப் படிக்கிறது இந்த மாதிரி பேப்பரைத்தான். இன்டஸ்ட்ரில பலரும் அப்படித்தான், சைட் பண்ண எங்களுக்கு வாய்ப்பு இல்ல, அவ்வளவுதான்.

வெண்பலகை:
சீனியர் சொல்றதுல பயப்பட நியாயம் இருக்கு, வேலைக்கு அப்ளை பண்றப்ப புது மாடல் பேப்பருக்கு இருக்குற மதிப்பு இதுக்குக் கிடைக்காதுதான், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா இடம் இல்லாமல் இல்ல. சானர், ஐசிபிசி ரெண்டு மாநாட்டுலயும் மறுஆய்வுக்கும் எதிர்மறை முடிவுக்கும்னு தனி ட்ராக்கே இருக்கு. எம்எஸ்ஆர் மாநாட்டுல 2020லேருந்து ரிஜிஸ்டர்டு ரிப்போர்ட் வச்சிருக்காங்க, என்ன ஆராயப்போறோம் எப்படி அளப்போம்னு முன்னாடியே எழுதிக் குடுத்து ஒப்புதல் வாங்கிடலாம், முடிவு எப்படி வந்தாலும் மதிப்பு குறையாது. ஆராய்ச்சியைத் தொடங்குறதுக்கு முன்னாடியே அதுக்குப் போகணும், உங்களுக்கு இப்ப லேட், அடுத்த பகுதிக்கு யோசிங்க.

எழுதுற தொனியில கவனமா இருங்க. அந்த ஒரு பேப்பரை மட்டும் தூக்கி நிறுத்தாதீங்க, அதே டேட்டாசெட்ல வந்த மூணு நாலு மாடலையும் எடுத்து ஒரே மாதிரி ரெண்டு ஸ்ப்ளிட்லயும் ஓட்டுங்க. அப்ப அது ஒரு ஆள் மேல புகாரா இருக்காது, டேட்டாசெட் பத்தின ஆய்வா ஆயிடும். சமர்ப்பிக்கிறதுக்கு முன்னாடி டிராஃப்ட்டை அந்த ஆத்தர்களுக்கு அனுப்புங்க, நீங்க முதல்ல போட்ட மெயிலை விட எண்ணோட போற மெயிலுக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

கைடுகிட்ட வாதம் பண்ணாதீங்க. ஒரு டேபிள் கொண்டு போங்க, ஒரு வரிசை அவங்க ஸ்ப்ளிட்ல எல்லா மாடலும், இன்னொரு வரிசை உங்க ஸ்ப்ளிட்ல எல்லா மாடலும். உங்க மாடலும் அவங்க ஸ்ப்ளிட்ல எவ்வளவு ஏறுதுன்னு அவரே பாப்பார்.

பிழைதேடி:
மேடம், டேபிளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டு, "ரெண்டு வரிசையும் போடு, டேட்டாசெட் ஆய்வை தனி பேப்பரா பண்ணலாம், என் பழைய மாணவரோட மாடலையும் சேத்துக்கோ"ன்னுட்டார். ரொம்ப சந்தோஷம்.

கடைசியா ஒண்ணு. அச்சு அசல் நகலை ஹாஷ் வச்சு பிடிச்சாச்சு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்குறதை எப்படிப் பிடிக்கிறது? எந்த அளவுக்கு ஒத்துப்போனா நகல்னு வைக்கலாம்?

வெண்பலகை:
அலமானிஸ் வச்ச அளவுலேருந்து தொடங்குங்க. ஒவ்வொரு ஃபங்ஷன்லேருந்தும் ஐடென்டிஃபையரும் (வேரியபிள், ஃபங்ஷன் பேர்கள்) லிட்டரலும் (நேரடியா எழுதின எண், சரம்) எடுத்து ஜக்கார்ட் ஒற்றுமை (ரெண்டுலயும் பொதுவா இருக்குறதை மொத்தத்தால வகுத்தது) பாக்கணும், வெறும் செட்டா 0.8, எத்தனை தடவை வருதுங்குறதையும் சேத்தா 0.7, ரெண்டையும் தாண்டினா நகல். அவர் அதை ஃபைலுக்கு வச்சார், ஃபங்ஷன் சின்னதுங்குறதால உங்களுக்கு அளவு மாறலாம், அதனால எல்லைக்குப் பக்கத்துல வர்ற ஜோடிகளைக் கையால பாத்து முடிவு பண்ணுங்க. எல்லா ஜோடியையும் ஒப்பிட்டா முடியாது, மின்ஹாஷ் (ஒத்திருக்க வாய்ப்புள்ள ஜோடிகளை வேகமா கண்டுபிடிக்கிற முறை) போட்டு வடிகட்டிக்கோங்க.

முக்கியமா, நகலை டெஸ்ட்லேருந்து மட்டும் நீக்கிட்டு நிக்காதீங்க. ஒத்துப்போறதையெல்லாம் ஒரு கூட்டமா சேத்து, ஒரு கூட்டம் முழுசும் ட்ரெயினுக்கோ டெஸ்ட்டுக்கோ ஒரே பக்கம் போற மாதிரி பிரிங்க. ஆனா சரிபண்ணதுக்கு முன்னாடி, பின்னாடின்னு ஒரே ஃபங்ஷனோட ரெண்டு வெர்ஷன் இருக்கும்ல, அதுல ஒண்ணை நகல்னு தூக்கிடாதீங்க. அந்த ஜோடியை ஒரே பக்கம் வச்சு, ரெண்டையும் மாடல் சரியா பிரிக்குதான்னு தனியா அளந்துக்கோங்க, ப்ரைம்வல்லயும் அதைச் செஞ்சாங்க. முடிஞ்சதும் ட்ரெயின், டெஸ்ட் ஐடி லிஸ்ட்டை கமிட் ஹாஷோட (அந்த கமிட்டோட அடையாள எண்) ஸெனோடோங்குற ஆராய்ச்சி டேட்டா தளத்துல ஏத்திடுங்க, அடுத்து வர்றவங்க உங்களுக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.